அந்த 100 நியூட்டன் மீட்டர் எங்கே போகிறது? எம்5 காம்பெடிஷனும் ஈ63 எஸ்ஸும்

கேள்வி இது: "பிஎம்டபிள்யூ எம்5 காம்பெடிஷனுக்கு 625 குதிரைத்திறன், 750 நியூட்டன் மீட்டர் டார்க். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஈ63 எஸ்ஸுக்கு 612 குதிரைத்திறன், 850 நியூட்டன் மீட்டர். எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும். டார்க்கில் 100 கூடுதலாக வைத்துக்கொண்டும் ஈ63 எஸ் 0–100-ல் 0.1 வினாடி பின்னால் நிற்கிறதே, எப்படி? நிஜத்தில் எது முந்தும்?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் வரை இரண்டும் ஒன்றுதான். அங்கே முந்துவது யார் என்பதைத் தரையும் டயரும் ஓட்டுபவரின் காலும் முடிவு செய்யும். 100-ஐத் தாண்டியபின் எம்5 மெல்ல மெல்ல விலகிப் போகும். நீங்கள் கேட்கும் அந்த 100 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, பொய்யில்லை. ஆனால் முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போது, அது கிடைக்கிற ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) என்ஜின் தங்குவதே இல்லை.

இனி காரணம். துபாய் அல் கூஸில் டைனோ (காரின் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருந்த ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்தேன். இந்த இரண்டு காரும் வாராவாரம் வரும். உங்கள் கேள்வியை அப்படியே, கொஞ்சம் கோபத்தோடு, ஈ63 வைத்திருந்த பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஈ63 எஸ் என்பது 2016 இறுதியில் காட்டப்பட்ட டபிள்யூ213 தலைமுறை: 4 லிட்டர் இரட்டை டர்போ வி8, 9 வேக கியர்பாக்ஸ். எம்5 என்பது 2017-ல் வந்த எஃப்90: 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8, 8 வேக கியர்பாக்ஸ். முதலில் 600 குதிரைத்திறனோடு வந்தது, 2018-ல் காம்பெடிஷன் 625-ஆக ஏறியது. ஓட்டுநர் எடை 75 கிலோவையும் சேர்த்த ஐரோப்பியக் கணக்கில் எம்5 காம்பெடிஷன் 1,940 கிலோ, ஈ63 எஸ் 1,955 கிலோ. நிறுவனக் கணக்கில் 0–100 முறையே 3.3, 3.4 வினாடி. 2021-ல் இரண்டும் இந்தியாவுக்கும் புது முகத்தோடு வந்தன: எம்5 1.62 கோடி, ஈ63 எஸ் 1.70 கோடி, ஷோரூம் விலை. சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை இருந்தாலும் எம்5 அங்கே பூட்டப்படுவதில்லை. முழுக் காராகவே கப்பலில் வரும்.

அந்த 0.1 வினாடியை அதிகம் நம்பவேண்டாம். நிறுவனங்கள் ஒரு தசமத்துக்குச் சுருக்கித்தான் சொல்கின்றன. 3.34-ஐ 3.3 என்றும் 3.36-ஐ 3.4 என்றும் எழுதலாம். முழு 0.1 வினாடி என்றே வைத்துக்கொண்டாலும், 100 கி.மீ. வேகத்தில் அது 2.8 மீட்டர். ஐந்து மீட்டர் நீளமுள்ள இந்தக் கார்களுக்கு அது பாதிக் கார் தூரம்.

நம்மவர்கள் "பிக்கப்" என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று வேறு விஷயங்களைச் சொல்கிறோம். சிக்னலில் இருந்து கிளம்பும் அந்த உதை ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் கிடைக்கும் தள்ளு இன்னொன்று. வேகம் ஏற ஏற இழுவை குறையாமல் இருப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் முடிவு செய்வது மூன்று வேறு சமாச்சாரங்கள். டார்க் எண் பெரிதாகத் தெரிவது நடுவில் உள்ளதில் மட்டும்தான்.

டார்க்குக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள உறவைக் கிணற்றடியில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பெரிய வாளி போட்டு நிதானமாக இறைக்கிறார், இன்னொருவர் சின்ன வாளி போட்டு வேகமாக இறைக்கிறார். தொட்டி யாருடையது முதலில் நிறையும் என்பது வாளியின் அளவை மட்டும் பொறுத்ததா? நிமிஷத்துக்கு எத்தனை வாளி என்பதையும் பார்க்கவேண்டும். வாளிதான் டார்க், நிமிஷத்துக்கு எத்தனை முறை என்பது ஆர்பிஎம், நிமிஷத்துக்கு வந்து விழும் தண்ணீர் குதிரைத்திறன். காரை முன்னால் தள்ளுவது அந்தத் தண்ணீர்தான்.

சூத்திரம் எளிது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் ஐரோப்பியக் குதிரைத்திறன் வந்துவிடும். இப்போது நிறுவனங்களே கொடுத்த எண்களைப் போட்டுப் பாருங்கள். ஈ63 எஸ்ஸின் 850 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 2,500-இல் இருந்து 4,500 ஆர்பிஎம் வரை. 4,500-ல் அது 545 குதிரைத்திறன். அதே 4,500-ல் எம்5-இன் 750 நியூட்டன் மீட்டர் தருவது 480 மட்டும். இந்த இடத்தில் ஈ63 தெளிவாகப் பலசாலி. ஆனால் 4,500-க்கு மேல் ஈ63-இன் டார்க் இறங்கத் தொடங்குகிறது. அதன் உச்சமான 612 குதிரைத்திறன் வருவது 5,750-ல். தலைகீழாகக் கணக்குப் போட்டால் அங்கே அதன் டார்க் 747. எம்5-இன் 750 நியூட்டன் மீட்டரோ 1,800-ல் தொடங்கி 5,800 வரை மேசைப் பலகை போல அப்படியே நிற்கிறது. ஆக 5,750 ஆர்பிஎம்மில் இரண்டு என்ஜினும் ஒரே டார்க்கைத்தான் தருகின்றன. விளம்பரத்தில் இருக்கும் அந்த 100 நியூட்டன் மீட்டர் வித்தியாசம் அந்தப் புள்ளியில் கரைந்துபோகிறது. அதற்கு மேல் எம்5 6,000-ல் 625-ஐத் தொட்டுவிட்டு 7,000 வரை மூச்சு முட்டாமல் போகும்.

ஒரு முறை ஈ63 காரர் ஒருவருக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாமல், இரண்டு காரின் டைனோ கோட்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். சக்கரத்தில் அளப்பதால் எண்கள் எல்லாம் குறைவாகத்தான் வரும், ஆனால் கோட்டின் வடிவம் மாறாது. அவருடைய கோடு நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி, பிறகு சரிந்தது. எம்5-இன் கோடு கீழே தட்டையாக வந்து, வலது பக்கம் திமில்காரரைத் தொட்டுவிட்டுக் கூடவே போனது. மனிதர் திமிலின் மேல் விரலை வைத்து, "இது என்னுடையதுதானே, இதை ஏன் நீங்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?" என்றார். நல்ல கேள்வி. கியர்பாக்ஸில் இருக்கிறது பதில்.

ஓட்டத்தின்போது என்ஜின் எந்த ஆர்பிஎம்மில் வாழ்கிறது என்று பார்ப்போம். எம்5-இன் கியர் விகிதங்கள் முதலில் இருந்து 5.00, 3.20, 2.14, 1.72, 1.31. 7,000 ஆர்பிஎம் வரை இழுத்து மாற்றினால் இரண்டாவது கியரில் ஊசி 4,480-ல் விழும். இரண்டில் இருந்து மூன்றுக்கு 4,690. மூன்றில் இருந்து நான்குக்குப் போகும்போதுதான் வேடிக்கை: 5,600-க்கு மேலேயே நிற்கும். ஈ63-இன் விகிதங்கள் 5.35, 3.24, 2.25, 1.64, 1.21. அதை 6,800-ல் மாற்றினால் இரண்டாவது கியரில் 4,100 வாக்கில் விழும், மூன்றில் 4,700, நான்கில் 4,950. இப்போது திமில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: 2,500 முதல் 4,500 வரை. முழு ஓட்டத்தில் கிளம்பும் நொடியையும் இரண்டாவது கியரின் முதல் சில நூறு சுற்றுகளையும் விட்டால் ஊசி அங்கே போவதே இல்லை. ஒன்பது கியர் கொடுத்ததே அதை மேலே வைத்திருக்கத்தான். மூன்றாவது கியரில் விழும் 4,700-லும் ஈ63-க்கு எம்5-ஐ விடச் சக்தி கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அது அரை வினாடிக் கூத்து. அந்த கியரின் மேல் பாதியில் எம்5 வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிடும். நான்காவது கியரில் நுழையும்போது எம்5 தன் உச்ச சக்தியின் வாசற்படியிலேயே கால் வைக்கிறது, ஈ63 இன்னும் 800 சுற்று ஏறவேண்டும்.

இரண்டு காரும் 100-ஐத் தொட மூன்றாவது கியருக்குப் போயாக வேண்டும். எம்5-க்கு நான் போட்ட கணக்கு: முதல் கியர் 58 கி.மீ. வரை, இரண்டாவது 90 வரை, மூன்றாவது 135 வரை. அதாவது 0–100 என்பது ஏறக்குறைய முழுக்க முதல் இரண்டு கியரின் கதை. ஈ63 பின்தங்காமல் நிற்பதும், சில நாள் முந்துவதும் இங்கேதான்.

ஆனால் அங்கேயும் வில்லன் வேறு. 1,940 கிலோ காரை ஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக, அதாவது ஒரு 'ஜி' அளவுக்கு முன்னால் தள்ளவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தார்ச்சாலையில் நல்ல டயர் கொடுக்கும் பிடிமானம் ஏறக்குறைய அவ்வளவுதான். 50 கி.மீ. வேகத்தில் அதற்குத் தேவை சக்கரத்தில் 360 குதிரைத்திறன் மட்டும். 70 வாக்கில்தான் இந்தக் கார்கள் சக்கரத்தில் தரும் சக்தி முழுவதும் தேவைப்படத் தொடங்கும். அதுவரை என்ஜினில் மிச்சமிருக்கும் சக்தியைக் கணினி பிடித்து வைத்துக்கொள்கிறது. விட்டால் டயர் சுழன்று புகைதான் வரும். எனவே முதல் 70 கி.மீ. வேகம் வரை உங்களிடம் 850 இருந்தாலும் 750 இருந்தாலும் டயர் வாங்கிக்கொள்வது ஒரே அளவுதான். சோற்றுப் பானை பெரிதாக இருந்தால் என்ன, இலை ஒன்றுதானே.

பிடிமானத்தின் மதிப்பு தெரியவேண்டுமானால் எம்5-இன் சொந்தக் குடும்பத்தையே பாருங்கள். 2011-ல் வந்த எஃப்10 எம்5-க்கு 560 குதிரைத்திறன், பின் சக்கரம் மட்டும் இழுக்கும். 0–100 4.4 வினாடி. 2017-ன் எஃப்90-க்கு 600, நான்கு சக்கரம், 3.4 வினாடி. வெறும் 40 குதிரைத்திறன் கூடியதற்கா முழுதாக ஒரு வினாடி? 0–200 கணக்கில் எஃப்10 13.0, எஃப்90 11.1. மிச்சமான 1.9 வினாடியில் பாதிக்கு மேல் முதல் 100-க்குள்ளேயே மிச்சமானது. அது முன் சக்கரங்கள் சம்பாதித்துக் கொடுத்த நேரம்.

நான்கு சக்கர அமைப்பில் இரண்டு நிறுவனமும் ஏறக்குறைய ஒரே வழியில் போயிருக்கின்றன. பின் சக்கரங்களுக்கு எப்போதும் இழுவை, முன் சக்கரங்களுக்குப் பல தட்டு கிளட்ச் வழியாகத் தேவைக்கு ஏற்ப. இரண்டிலும் முன்பக்கத்தைத் துண்டித்துவிட்டு வெறும் பின் சக்கரத்தில் விளையாடவும் வழி உண்டு. டயர் அகலத்தில் ஈ63 பின்னால் 295, முன்னால் 265. எம்5 பின்னால் 285, முன்னால் 275. யாருக்கு இது சாதகம் என்று என்னைக் கேட்டால், டயரின் வயசைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன்.

உண்மையான வித்தியாசம் கியர்பாக்ஸின் வாசலில் இருக்கிறது. எஃப்10-ல் இருந்த ஏழு வேக இரட்டை கிளட்ச் பெட்டியை விட்டுவிட்டு, எஃப்90-க்கு பிஎம்டபிள்யூ இசட்எஃப் எட்டு வேக டார்க் கன்வெர்ட்டர் பெட்டியை மாட்டியபோது பழைய எம்5 பக்தர்கள் ஒப்பாரி வைத்தார்கள். 'டாக்சிப் பெட்டி' என்றுகூடச் சொன்னார்கள். நிற்கும் காரைக் கிளப்புவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் கட்சி. எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் அந்தக் கன்வெர்ட்டர், நின்ற நிலையில் என்ஜின் டார்க்கைப் பெருக்கியே தரும். பிரேக்கில் நின்றபடி என்ஜினை முறுக்கினால் அந்தச் சுமையில் டர்போவும் விழித்துக்கொள்ளும். உள்ளே தேயும் தட்டு எதுவும் கிளம்பும் வேலையைச் செய்வதில்லை, எனவே கிளம்பும்போது நெளிவு இல்லை.

ஏஎம்ஜி அந்த இடத்தில் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு எண்ணெயில் நனைந்த கிளட்ச்சை வைத்தது. எடை குறைவு, மிதித்ததும் உடனே கேட்கும், ஓடும்போது நேரடித் தொடர்பு போல இருக்கும். ஓட்டும் சுகத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கிளம்பும்போது டார்க் பெருக்கம் கிடையாது. 850 நியூட்டன் மீட்டரையும் தட்டுகள் வழுக்கி வழுக்கித்தான் உள்ளே விடவேண்டும். அதனால்தான் முதல் கியர் விகிதம் 5.35 என்று கொஞ்சம் ஆழமாக வைத்திருக்கிறது என்பது என் ஊகம். தட்டு சூடானால் கணினி அடுத்த முறை கொஞ்சம் அடக்கி விடும்.

இப்போது அளவீட்டைப் பற்றி. நீங்கள் இணையத்தில் பார்க்கும் "2.8 வினாடி" வகையறா எண்கள் அமெரிக்கப் பத்திரிகைகளுடையவை. அவர்கள் அளப்பது 0–60 மைல், அதாவது 96.6 கி.மீ. அதோடு கார் முதல் ஓர் அடி நகர்ந்தபிறகுதான் கடிகாரத்தைத் தொடங்குவார்கள், 'டிராக்' (drag) எனப்படும் நேர்கோட்டுப் பந்தயத் திடலின் வழக்கம் அது. இந்தக் கார்களுக்கு அந்த ஓர் அடியைக் கடக்க 0.25 வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் வேகமும் சில கி.மீ. ஏறியிருக்கும். ஐரோப்பிய எண்ணையும் அமெரிக்க எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, சென்ட்ரலில் ஏறியவனையும் பேசின் பிரிட்ஜில் ஏறியவனையும் பயண நேரத்தில் ஒப்பிடுவது மாதிரி.

அபுதாபி யாஸ் மெரினா பந்தயத் திடலில் ஒரு டிராக் பாதை இருக்கிறது. இரவில் பொதுமக்களும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். எங்கள் வாடிக்கையாளர் இருவரோடு ஒரு முறை போயிருந்தேன். எம்5 காம்பெடிஷன் ஒரு மலையாளி டாக்டருடையது, ஈ63 எஸ் ஒரு லெபனான்காரருடையது. கிளம்பும் இடத்தில் தரை முழுக்க ரப்பரும் பசையும். நடந்தால் செருப்பு தரையிலேயே நின்றுவிட்டு கால் மட்டும் வெளியே வரும். அந்தத் தரையில் டயரின் பிடிமானம் சாலையைவிட எவ்வளவோ கூடுதல், எனவே அங்கே ஈ63-இன் டார்க்குக்குக் கொஞ்சம் வேலை கிடைக்கும்.

டாக்டர் புதுசு. அவருக்கு நான் ஜன்னலோரம் நின்று சொல்லிக்கொடுத்தேன்: நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணையுங்கள், கியர் மாறும் வேகத்தைத் திரையில் மூன்று கோடு காட்டும் அளவுக்குக் கொண்டு வாருங்கள், இடது காலால் பிரேக்கை நன்றாக மிதியுங்கள், வலது காலை முழுதாக இறக்குங்கள். திரையில் சின்னக் கொடி ஒன்று வரும். கொடி வந்தபின் பிரேக்கை விடுங்கள். லெபனான்காரருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ரேஸ் முறையில் போட்டு, பிரேக்கில் நின்று, என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்ததும் அவர் போய்விட்டார். டாக்டர் கொடியைப் பார்த்துக்கொண்டு விளக்கைக் கோட்டைவிட்டார். 402 மீட்டர் முடிவில் ஈ63 முன்னால். லெபனான்காரர் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

பிறகு நேரம் அச்சடித்த சீட்டு வந்தது. டிராக் பாதையில் விளக்குக்கும் கார் நகர்வதற்கும் இடைப்பட்ட நேரத்தைத் தனியாக எழுதுவார்கள். கார் நகர்ந்ததில் இருந்து முடிவுக் கோடு வரையான நேரம் தனி. அந்த இரண்டாவது எண்ணில் எம்5-தான் குறைவு. முடிவுக் கோட்டைக் கடக்கும் வேகத்திலும் எம்5 கூடுதல். அதாவது பந்தயத்தில் ஜெயித்தது ஈ63, விரைவாக ஓடியது எம்5. முதல் 60 அடிக்கான நேரத்தில் இருவருக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. வித்தியாசம் முழுவதும் பாதையின் பின்பாதியில். அன்று அடுத்த இரண்டு ஓட்டத்தில் டாக்டர் விளக்கைப் பார்த்தார், ஜெயித்தார். திரும்பும் வழியெல்லாம் அவர் கண்டுபிடித்த விஷயம் விளக்கைப் பார்க்கவேண்டும் என்பதுதான்.

பின்பாதியில் என்ன நடக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எம்5 காம்பெடிஷனின் நிறுவன எண் 0–200-க்கு 10.8 வினாடி. அதில் 0–100-க்கு 3.3 போனால் 100–200-க்கு 7.5 வினாடி. 1,940 கிலோவை அந்த நேரத்தில் அவ்வளவு வேகத்துக்கு ஏற்றத் தேவைப்படும் சராசரி சக்தி ஏறக்குறைய 407 குதிரைத்திறன். என்ஜின் 625 தருகிறது. மீதி எங்கே? பல்சக்கரங்களும் அச்சுகளும் ஒரு பங்கை விழுங்குகின்றன, கியர் மாறும் இடைவெளி ஒரு பங்கு, காற்று ஒரு பங்கு. 100 கி.மீ. வேகத்தில் காற்று கேட்பது பதினைந்து குதிரைத்திறன்கூட இல்லை. 200-ல் அது எட்டு மடங்கு, அதாவது நூறுக்கு மேல். இந்த வேகத்தில் ஒவ்வொரு உச்சக் குதிரைத்திறனும் கணக்கில் வரும். டன்னுக்கு எம்5 322, ஈ63 எஸ் 313. மூன்று சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 7.5 வினாடியில் மூன்று சதவீதம் என்றால் 0.2 வினாடிக்குமேல், 200 கி.மீ. வேகத்தில் அது இரண்டு கார் நீளத்துக்கு மேல். கியர் விகித சாதகம் இதற்கு மேல் உபரி.

அப்படியானால் திமில் வீணா என்றால், இல்லை. தானியங்கி முறையை விட்டுவிட்டு நீங்களே மூன்றாவது கியரில் போட்டு 60-ல் ஓட்டிக்கொண்டிருங்கள். என்ஜின் 3,100 வாக்கில் இருக்கும். கியரைக் குறைக்காமல் அப்படியே மிதியுங்கள். எம்5-க்கு அங்கே 330 குதிரைத்திறன் கிடைக்கும், ஈ63-க்கு 375. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது மாதிரி இருக்கும். நூற்றில் தொண்ணூறு நாள் இந்தக் காரை ஓட்டுபவர் அனுபவிப்பது இதைத்தான். ஈ63-இல் உட்கார்ந்தவர்கள் "இதுதான் வேகம்" என்று சத்தியம் செய்வதற்கும் இதுவே காரணம். எம்5 தட்டையாக, சத்தமில்லாமல் ஏறுவதால் உடம்புக்கு வேகம் தெரியாது, மீட்டருக்குத்தான் தெரியும். உடம்பு உணர்வது இழுவை திடீரென்று மாறுவதை.

பெட்ரோலையும் வெயிலையும் மறந்துவிட்டு இந்த எண்களைப் பேசவே கூடாது. இரண்டு நிறுவனமும் சொல்லும் எண்கள் 98 ஆக்டேனுக்கானவை. துபாயில் சூப்பர் 98 எங்கும் கிடைக்கும். நம்மூரில் 100 ஆக்டேன் சில பங்க்குகளில் மட்டும். சாதாரண பெட்ரோல் ஊற்றினால் என்ஜின் உள்ளே தட்டுவதைத் ('நாக்கிங்') தவிர்க்க அதுவே தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். உச்ச சக்தி தானாகக் குறையும். 40 டிகிரி காற்று 10 டிகிரி காற்றைவிடப் பத்து சதவீதம் லேசு. டர்போ கூடுதலாகச் சுழன்று அதில் ஒரு பங்கை ஈடுகட்டும். ஆனால் அப்படி அழுத்தும் காற்று இன்னும் சூடாகும். மூன்றாவது ஓட்டத்தில் முதல் ஓட்டத்தின் எண்ணை எதிர்பார்ப்பவர்கள் பட்டறைக்கு வந்து எங்களிடம் சண்டை போடுவார்கள். அரை மணி நேரம் பேனட்டைத் திறந்து வைத்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வேன். திரும்பி வரும்போது காரும் ஆறியிருக்கும், அவரும் ஆறியிருப்பார்.

ஒரு கிளைக்கதை. இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் உங்களை இன்னும் குழப்பும். 2024-ல் வந்த புதிய எம்5-க்கு வி8-உடன் மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர். 0–100 எவ்வளவு? 3.5. பழைய காம்பெடிஷனைவிட 0.2 வினாடி கூடுதல். எடை ஐரோப்பியக் கணக்கில் 2,510 கிலோ, 570 கிலோ ஏறிவிட்டது. ஒரு புல்லட்டைக் கூரையில் கட்டிவிட்டு, உள்ளே ஐந்து பேரை ஏற்றியது மாதிரி. 250 நியூட்டன் மீட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டு 0–200-க்கு 10.9 வினாடி, அதுவும் பழையதைவிட 0.1 அதிகம். மெர்சிடிஸ் பக்கம் ஈ63 என்ற பெயரே இப்போது இல்லை. அந்த இடத்தில் ஆறு சிலிண்டர் ஹைப்ரிட்டான ஈ53 இருக்கிறது. ரேஸ் ஸ்டார்ட் போட்டால் அதுவும் சரியாக 612 குதிரைத்திறன் காட்டும், ஆனால் 100-க்கு 3.8 வினாடி. இதை வைத்துத்தான் சொல்கிறேன், பழைய எஃப்90-உம் டபிள்யூ213-உம் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

நீங்களே அளந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் பொதுச்சாலையில் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை மாதிரி மூடிய திடலில் அனுமதி கிடைக்கும் நாளில் செய்யுங்கள். ஃபோன் செயலியை நம்பாதீர்கள், தனி ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டுங்கள். இடம் எவ்வளவு மட்டமாகத் தெரிந்தாலும் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள், டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். 0–100 எண்ணை ஒரு ஓரமாக எழுதி வையுங்கள், யார் கார் வேகம் என்ற சண்டைக்கு அது உதவாது. திடலின் நேர்பாதை எவ்வளவு நீளம் இடம் கொடுக்கிறதோ அந்த அளவுக்கு, 80–140 அல்லது 100–160 எண்ணை எடுங்கள். அதில் கிளம்பும் திறமை, டயர், தரை எல்லாம் கழன்றுபோய் என்ஜினும் எடையும் மட்டும் மிஞ்சும். இரண்டு காரும் ஒரே நாளில், ஒரே பங்க்கில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வரட்டும்.